நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி ஆயில் கம்பெனிக்காரன் கொடுத்த இனாம். இதுவரை இதில் வண்டி நம்பர் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இப்போது சர்க்கரை டாக்டர் உத்தரவு. என்ன தின்கிறேன் என்று ஒரு மாதம் எழுதி, 27ஆம் தேதி கொண்டுபோய்க் காட்டவேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம்.

காலை: இட்லி இரண்டு. சட்னி கொஞ்சம். டீ, சர்க்கரை இல்லாமல்.

(இட்லி ஐந்து. டாக்டர் படிக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

பத்து மணிக்கு ரத்தினாம்பாள் அக்கா வந்தார். உடுமலைப்பேட்டையில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். ஊரில் ஒரு சேதி பரவவேண்டுமென்றால் மைக் செட் வேண்டாம், அவர் காதில் போட்டால் போதும். அவருடைய டர்போ பெட்ரோல் கார் ஆயில் குடிக்கிறது என்று அக்டோபரில்தான் இன்ஜினை இறக்கி, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு ஏற்றினோம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினுக்கு உள்ளே என்னிடம் வேலை பார்க்கும் லூர்து, வெளியே நான். பிஸ்டன், ரிங், வால்வு அவன் கை. குழாய், ஹோஸ், கிளிப், ஒயர் என் கை. இருபத்தோரு வருடமாக இதுதான் பாகப்பிரிவினை.

"ஏனுங் தம்பி, மலை ரோட்டுல ஒம்பதாறு செக்போஸ்ட் தாண்டி மேடு ஏறுனா வண்டி எழவே மாட்டேங்குது. பின்னாடி வந்த மினி பஸ்காரன் ஆரன் அடிச்சு மானத்த வாங்கிப்போட்டான். மிதிச்சா உஸ்ஸுஸ்ஸுங்குது, அவ்ளோதான்."

"டர்போன்னா உஸ்ஸுன்னுதானுங்க்கா சத்தம் வரும்" என்றேன். பெரிய மேதை மாதிரி.

மதியம்: சோறு ஒரு கப்.


பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று கம்ப்ரஷன் பார்த்தேன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. எனக்கு மிகவும் பிடித்த வேலை. டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிற மாதிரி நான் கேஜைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பேன். வேடிக்கை பார்க்கவும் ஆள் இருந்தது: அக்கா, அவர் களத்து ஆட்கள் இரண்டு பேர், டீக்கடை முருங்கையன், காத்துக்கொண்டிருந்த வேறு இரண்டு கிராக்கிகள்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க ஃபியூஸைப் பிடுங்கி, பிளக் நாலையும் கழற்றி, கேஜை மாட்டினேன். காற்று உள்ளே நிறையப் போனால்தான் எண் சரியாக வரும். அதற்கு ஆக்ஸிலரேட்டரை அடிமட்டம்வரை மிதித்துப் பிடிக்கவேண்டும். அக்காவையே உட்காரவைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலாலும் மிதித்தார்.

"இன்னும் மிதிக்கோணுமா தம்பி?"

"நல்லா மிதிங்க்கா. உங்க சம்பந்தியை நெனச்சுக்கோங்க."

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து.

டர்போ வண்டிக்குச் சாதாரண வண்டியைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், எனக்கும் தெரியும். டர்போ காற்றைத் தள்ளிக் கொடுப்பதால் இன்ஜின் தானாக ரொம்ப அழுத்தவேண்டியதில்லை. ஆனால் அதற்காகத் தொண்ணூறா? நூற்றறுபது பவுண்டாவது வரவேண்டாமா? ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினேன். நூற்றுப் பதினைந்துக்கு ஏறியது. ஆயில் விட்டு எண் ஏறினால் ரிங் போச்சு என்று அர்த்தம். நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

"ரிங்குங்க்கா" என்றேன். ரிங் என்றால் உள்வேலை. உள்வேலை என்றால் லூர்து.

அவன் பக்கத்தில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே தலையை நீட்டி, "அண்ணா, நாலும் ஒரே மாதிரி இருக்குதுங்களே. அந்த மிதி..." என்று ஆரம்பித்தான்.

நான் முடிக்க விடவில்லை. "ஆமா லூர்து. ஒண்ணு ரெண்டு போனா விதி. நாலையும் ஒரே மாதிரி கெடுக்கறதுக்குத் தனித் தெறமை வேணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முருங்கையன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சொல்லக்கூடாது, நல்ல ஜோக். வந்து விழுந்த நேரம் அப்படி.

லூர்து தலையை வேனுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ஐந்தரைக்குக் கையைக் கழுவிவிட்டுப் போனான்.

மதியம்: சோறு ஒரு கப். மாலை: ஒன்றுமில்லை. (போண்டா, சந்தோஷத்தில்.)


பிப்ரவரி 5, புதன்

லூர்து வரவில்லை. இட்லி இரண்டு.


பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் வரவில்லை. ஆனால் பெட்டி இங்கேதான் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஸ்பானர் பெட்டி அவரவர் சொந்தம். வேலையை விட்டு நிற்கிறவன் முதலில் பெட்டியைத்தான் தூக்குவான். பெட்டி இருக்கும்வரை ஆள் இருக்கிறான் என்றே கணக்கு. அதனால் நான் கவலைப்படவில்லை என்று என் மனைவி வசுமதியிடம் சொன்னேன். கவலையா என்று அவள் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

முருங்கையன் கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்த எவனோ, "அண்ணா, இன்னிக்கு டீ நாலும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருக்குதுங்" என்கிறான். ஜோக் எனக்கு முன்னால் ஊர் சுற்றுகிறது. மெக்கானிக் சங்கத்து வாட்ஸப்பிலும் யாரோ போட்டுவிட்டார்கள். நாற்பது பேர் சிரித்த பொம்மை போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்.


பிப்ரவரி 8, சனி

"போய்க் கூட்டிட்டு வாங்களே" என்றாள் வசுமதி.

"தப்பு அவனுது. நான் எதுக்குப் போகோணும்?"

"தப்பு யாருதுன்னு கேட்டனா? கூட்டிட்டு வாங்கன்னுதான சொன்னேன்."

இந்த வீட்டில் பேசி ஜெயித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இட்லி மூன்று. (நிஜமாகவே மூன்று. பசியில்லை.)


பிப்ரவரி 10, திங்கள்

அக்கா தினமும் போன். வேறு வழியில்லாமல் இன்ஜினை நானே இறக்கித் திறந்தேன். எத்தனை வருடமாயிற்று உள்ளே கைவிட்டு! முட்டி வலிக்கிறது.

ரிங் இடைவெளி பார்க்கும் தகடு என்னிடம் இல்லை. அது உள்வேலைக்காரன் சாமான். லூர்துவின் பெட்டியைத் திறந்தேன். ஆள் இல்லாதபோது அடுத்தவன் பெட்டியைத் திறக்கக்கூடாது. அப்படித் திறந்த ஒருத்தனை முன்பொரு தடவை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

பெட்டிக்குள் எல்லாம் துடைத்து, சைஸ்வாரியாக அடுக்கியிருந்தது. மேல் தட்டில் வேளாங்கண்ணி மாதா படம். அதன் பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வேப்பங்கட்டை. ஒரு பக்கம் கூராகச் செதுக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றி, தொலையாமலிருக்க ஒரு சிவப்புக் கயிறும் கட்டியிருந்தான். எதற்கென்று விளங்கவில்லை. லூர்து இப்படித்தான், குப்பையைக்கூடத் தூக்கிப்போடமாட்டான்.

சிலிண்டர் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தேன். அக்டோபரில் லூர்து தேய்த்துப் பட்டை போட்டபோது விழுந்த குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கின்றன, புதுப் பாய் மாதிரி. ரிங் இடைவெளி சரி. ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கொன்று விலகி, எந்தத் திசையைப் பார்க்கவேண்டுமோ அந்தத் திசையைப் பார்க்கின்றன. தேய்மானம் இல்லை. கீறல் இல்லை.

டார்ச் பேட்டரி வீக்காக இருந்திருக்கும்.

போண்டா நான்கு. எழுதிவிட்டேன், டாக்டர் திட்டட்டும்.


பிப்ரவரி 11, செவ்வாய்

டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். கோடுகள் இன்னும் நன்றாகத் தெரிகின்றன.

டர்போவிலிருந்து வரும் பெரிய ரப்பர் ஹோஸையும் துடைத்தேன். அதன் கழுத்தில் புதுக் கிளிப் போடாமல், யாரோ பழைய கிளிப்பையே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். திருகு மரை தேய்ந்து இறுக்கம் நிற்கவில்லை. ஹோஸைச் சுற்றிலும் எண்ணெய்க் கறை. மிதிக்க மிதிக்க டர்போ தள்ளுகிற காற்றில் பாதி இந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கும். உஸ்ஸென்று.

கிளிப்பை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

இட்லி இரண்டு.


பிப்ரவரி 12, புதன்

புது ரிங் செட்டுக்குக் கோயமுத்தூருக்குச் சொல்லிவிட்டேன். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டால்? யார் கேட்கப்போகிறார்கள்? கேட்கக்கூடிய ஒரே ஆள் ஒரு வாரமாக வேலைக்கே வரவில்லை. ஊர் முழுக்க ரிங் என்று சொல்லியாயிற்று. இப்போது போய்க் கிளிப் என்று சொல்ல முடியுமா?


பிப்ரவரி 15, சனி

பொள்ளாச்சியிலிருந்து போன். அங்கே பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தங்கமுத்து, சங்கக் கூட்டத்தில் பழக்கம்.

"சென்னியப்பண்ணா, லூர்துன்னு ஒருத்தரு வேலை கேட்டு வந்திருக்காருங். உங்ககிட்ட இருபது வருசம் இருந்தாராமா. நாலையும் ஒரே மாதிரி..." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு. "அவருதானுங்களா இவரு?"

நானும் சிரித்தேன். சொந்த ஜோக்குக்குச் சிரிக்காமல் எப்படி இருப்பது?

"ஆளு எப்படிங்?"

"நல்ல மனுசனுங்க."

"அது செரிங்ண்ணா. கை எப்படி?"

"குடி கிடையாது. ஞாயித்துக்கெழமை கோயில். தங்கமான மனுசனுங்க."

"கைங்ண்ணா?"

"நல்ல மனுசனுங்க" என்றேன், மூன்றாவது தடவையாக.

"புரிஞ்சுதுங்" என்றார் தங்கமுத்து.

என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது டீ. சர்க்கரையோடு.


பிப்ரவரி 17, திங்கள்

நேற்றும் இன்றும் உட்கார்ந்து, புது ரிங் போட்டு இன்ஜினை ஏற்றிவிட்டேன். கடைசியாக ஒரு தடவை கம்ப்ரஷன் பார்த்துவிடலாம் என்று கேஜை மாட்டினேன். மிதிக்க ஆளில்லை. சோறு கொண்டுவந்த வசுமதியை உட்காரவைத்தேன்.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து.

புது ரிங்கில். அதே எண்கள். வரிசைகூட மாறவில்லை. தலையை நீட்டி வசுமதியைப் பார்த்தேன்.

"மிதிக்கிறயா இல்லியா?"

"மிதிச்சிட்டுத்தான் இருக்கறனுங். நம்ம பழைய வண்டியில மிதிச்சா கம்பி இழுக்கறது கால்ல தெரியும். இதுல ஒண்ணுமே தெரியலியே. காத்த மிதிக்கிறாப்பல இருக்குது."

கம்பி.

இந்த வண்டியில் கம்பி கிடையாது. மிதித்தால் ஒயர் வழியாகத் தகவல் போய், மோட்டார்தான் காற்று வழித் தட்டைத் திறக்கும். அந்த மோட்டாருக்கும் கரண்ட் போகிற ஃபியூஸைத்தான் நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். வசுமதி இல்லை, யானையே ஏறி மிதித்தாலும் தட்டு அசையாது. முன்பக்க ஹோஸைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். தட்டு, பகலில் சாத்திய கடை மாதிரி மூடியே இருந்தது. மூக்கைப் பொத்திவிட்டு மூச்சு வாங்கச் சொன்னால் எந்த இன்ஜின் வாங்கும்?

எதையாவது முட்டுக் கொடுத்துத் தட்டைத் திறந்து நிறுத்தவேண்டும். உலோகம் ஆகாது, கீறும். மரம் வேண்டும். வழுக்காமலிருக்க ரப்பர் சுற்றிய மரம். உள்ளே விழுந்துவிட்டால் இழுக்க ஒரு கயிறு.

லூர்துவின் பெட்டியைத் திறந்தேன்.

கட்டை, அளவெடுத்துச் செதுக்கினாற்போல் உட்கார்ந்தது. அளவெடுத்துத்தான் செதுக்கியிருக்கிறான்.

நூற்றறுபத்தைந்து. நூற்றறுபத்தைந்து. நூற்றறுபது. நூற்றறுபத்தைந்து.

"நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று கேட்டாள் வசுமதி.

"நல்லது" என்றேன்.

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

சாப்பிடவில்லை. இதை அடைப்புக்குறிக்குள் போடவேண்டியதில்லை.


பிப்ரவரி 18, செவ்வாய்

அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்பதாறு தாண்டிப் போய்விட்டு வந்தார். இறங்கும்போதே சத்தம்.

"பறக்குது தம்பி! மினி பஸ்காரன் கண்ணாடியில புள்ளியாத் தெரிஞ்சான். அந்தாளு கெடுத்து வெச்சத நீங்க ஒத்தையாளா நின்னு நேர் பண்ணிப்போட்டீங்க."

இவரிடம் ஒரு வரி. 'அக்கா, தப்பு லூர்து மேல இல்ல.' ஏழெட்டு வார்த்தைகூட ஆகாது. சாயங்காலத்துக்குள் உடுமலை முழுக்கத் தெரிந்திருக்கும், நாளைக்குப் பொள்ளாச்சிக்கும் போயிருக்கும்.

"ஏதோ நம்மால ஆனதுங்க்கா" என்றேன்.

தேங்காய் எண்ணெய் ஒரு டின் வைத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதவேண்டுமா தெரியவில்லை.


பிப்ரவரி 22, சனி

லூர்து வந்தான். பெட்டிக்கு.

சட்டை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தான். இருபத்தோரு வருடத்தில் அவனை இந்தக் கொட்டகைக்குள் கறையில்லாத சட்டையில் பார்த்ததில்லை.

"வா லூர்து. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்ண்ணா. ஆட்டோ நிக்குதுங்."

"பொள்ளாச்சியில...?"

"ஆகலீங். அவுங்களுக்கு ஆள் தேவைப்படலியாமா." வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னான். "காத்தாலைக் கம்பெனியில வாட்ச்மேன் வேலை. திங்கக்கெழமை சேரச் சொல்லியிருக்காங்."

"நீ போய் வாட்ச்மேனா?"

"சும்மா உக்காந்திருக்கிறதுதானுங். எதையும் கெடுக்க முடியாதில்லீங்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு முதல் தட்டிலேயே தெரிந்திருக்கும். மாதா படத்தைத் தூக்கிப் பார்த்தான். கீழ்த் தட்டில் கைவிட்டுத் தேடினான்.

"என்ன தேடற?"

"ஒரு கட்டை இருந்துச்சுங்ண்ணா. சின்னது."

அது என் சட்டைப்பையில் இருந்தது. 17ஆம் தேதியிலிருந்து அங்கேதான் இருக்கிறது. சிவப்புக் கயிறு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"என்ன கட்டை? எதுக்கு?" என்று கேட்டேன். கேட்ட வாயை என்ன செய்வது?

என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் பையைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"சும்மா, கதவுக்கு முட்டுக் குடுக்கறதுங்" என்றான். "போனாப் போகுது, விடுங்."

பெட்டியை ஆட்டோவில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன். கனமான பெட்டி. அது இருந்த இடத்தில் சிமெண்டு தரை மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருக்கிறது.

என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.


பிப்ரவரி 27, வியாழன்

டாக்டர். முந்தின மூன்று நாளும் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக இருந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை பிரமாதமாக இருந்தது. நான் கர்வமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் இன்னொரு தாளைத் திருப்பினார். "இது மூணு மாசச் சராசரிங்க. ஒம்பது புள்ளி நாலு. இந்தச் சோதனைகிட்ட நடிக்க முடியாது. டைரி எங்கே?"

"மறந்துட்டனுங்" என்றேன். பைக் பெட்டியில்தான் இருந்தது.


மார்ச் 1, சனி

இன்று சொல்லிவிட்டேன். முருங்கையன் கடையில், பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது. ரத்தினாம்பாள் அக்காவும் கார் கண்ணாடியை இறக்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையில் எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான்.

"ஒரு விசயம். அந்த வண்டியில ரிங் கெடவே இல்ல. லூர்து வேலை சுத்தம். கம்ப்ரஷன் பாக்கத் தெரியாமப் பாத்தது நான். அக்காவை மிதிக்கச் சொன்னனே, அந்த மிதிக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே கிடையாது. வண்டி இழுக்காததுக்குக் காரணம் ஒரு கிளிப்பு. அதை மாட்டுனதும் நாந்தான்."

முருங்கையன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்ததும் பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

"சம்பந்தியை நெனச்சு மிதிச்சது அத்தனையும் வீணாப் போச்சாமா!" என்று அக்கா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஜோக் இல்லீங்க்கா. நெசமாத்தான்."

"தெரியுமுங் தம்பி." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களாப்பா? விட்டுட்டுப் போன ஆளுன்னு பாக்காம, பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. இந்தக் காலத்துல எந்த மொதலாளிக்கு இந்த மனசு வரும்?"

"பெரிய மனசுங்ண்ணா" என்றான் ஒருத்தன்.

நான் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். வாயெடுத்ததற்கே சிரித்தார்கள். முப்பது வருடமாக இந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கவைத்ததற்கு வந்த பலன். சாயங்காலத்துக்குள் சங்கத்து வாட்ஸப்பில் வந்துவிட்டது. இந்தத் தடவை சிரித்த பொம்மையோடு கும்பிடும் கையும் நிறைய இருந்தன. தங்கமுத்துவும் ஒன்று போட்டிருந்தார்.


மார்ச் 3, திங்கள்

காலை: இட்லி ஐந்து.

மேற்கே ரோட்டில் நின்றால் காற்றாலைகள் தெரிகின்றன. வரிசையாக நான்கு. அதற்கப்புறம் எண்ணவில்லை.

டைரியைப் புரட்டினேன். பிப்ரவரி 11இல் 'யாரோ பழைய கிளிப்பையே திருப்பி மாட்டியிருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறேன். 'யாரோ'வை அடித்தேன். அதற்கு மேலே எழுதப் பேனாவைக் கொண்டுபோனபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. டர்போ வண்டி. இழுக்கவில்லையாம்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தேன். கட்டை இருந்தது.